பத்தமடைப் பாயின் சிவப்பு எது? தொழில்முறை மானிட்டர் பற்றி ஒரு குறிப்பு

என் வீட்டு மாடி அறையில் ஒரு பத்தமடைப் பாய் சுருட்டி வைத்திருக்கிறேன். அதன் நடுவில் ஒரு மாப்பிள்ளை பெயர், ஒரு பெண் பெயர், ஒரு கல்யாணத் தேதி மூன்றும் நெய்திருக்கிறது. அந்த இரண்டு பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. பாய் என்னிடம் இருப்பதற்குக் காரணம் என் பழைய லேப்டாப்பின் திரை. அந்தக் கதையைச் சொன்னால்தான், ஒரு மென்பொருள்காரன் எதற்கு தொழில்முறை மானிட்டர் பக்கம் போனான் என்பது புரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி சிங்கப்பூரில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் போன் பண்ணினான். தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், பெயர் போட்ட பட்டுப்பாய் ஒன்று நெய்து வாங்கித் தரணும் என்றான். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகிற வழியில்தான் பத்தமடை. போய், நெசவு செய்கிற அக்காவைப் பார்த்து, சாயம் ஏற்றிய கோரைக்கட்டுகளைத் திண்ணையில் வைத்துப் போட்டோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பார்த்தால் சிவப்பு செத்துப்போய்க் கிடந்தது. நேரில் பார்த்தது இப்படி இல்லையே என்று கொஞ்சம் வண்ணத்தை ஏற்றி அனுப்பினேன். நண்பன் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. "அந்தக் குங்குமச் சிவப்பு" என்று தேர்வும் செய்துவிட்டார்கள்.

பாய் போய்ச் சேர்ந்த அன்றைக்கு ராத்திரி போன் வந்தது.

"என்ன வே, குங்குமச் சிவப்புன்னு பார்த்தா அரக்கால்லா இருக்கு?"

பத்தமடை அக்காவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க கை வச்சுக் காட்டுன கட்டுலதான் நெய்தேன். உங்க போன்ல அது எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சரியான கேள்வி. எனக்கே தெரியாது. பெயர் போட்ட பாயை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி நூல்போலக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிற வேலை அது. அந்தக் கூலியை என் தப்புக்காக அவர் இழக்க முடியாது. பணத்தை நான் கொடுத்துவிட்டேன். பாய் என் வீட்டுக்கு வந்தது. அதன்பிறகு, தப்பு எங்கே நடந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

ஒரே சிவப்பு, மூன்று சிவப்பு

கம்ப்யூட்டருக்குச் சிவப்பு என்றால் ஒரு எண். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 255, 0, 0 என்றால் "உன்னால் முடிந்த முழுச் சிவப்பைக் காட்டு" என்று பொருள். சிக்கல் அந்த "உன்னால் முடிந்த" என்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திரைக்கும் முடிந்தது வேறு வேறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்று ஒரு பொது அளவை முன்வைத்தார்கள். 1999-ல் அது சர்வதேசத் தரமாகவும் ஆனது. அன்றைக்கு மேஜையில் இருந்த சிஆர்டி குண்டு மானிட்டர்கள் எவ்வளவு வண்ணம் காட்டுமோ, அதுதான் அதன் எல்லை. மனிதக் கண் பார்க்கக்கூடிய வண்ணங்களை 1931-ல் ஒரு வரைபடமாகப் போட்டார்கள். அதில் எஸ்ஆர்ஜிபி அடைக்கிற பரப்பு சுமார் 35 சதவீதம்தான். அச்சுத்துறைக்காக 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபி சுமார் 50 சதவீதம். டிஜிட்டல் சினிமாவுக்கான பி3 என்ற அளவு, சிவப்புப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

இனி என் கதைக்கு வருவோம். என் லேப்டாப்பின் விவரப் பட்டியலைத் தோண்டி எடுத்தேன். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதாவது எஸ்ஆர்ஜிபியிலேயே கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத்தான் அது காட்டும். (72 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை லேப்டாப் வாங்கும்போது இந்த ஒரு வரியைத் தேடிப்பாருங்கள்.) அதனால்தான் என் திரையில் சிவப்பு செத்துக் கிடந்தது. படத்தில் குறை இல்லை. திரைக்குச் சக்தி இல்லை. நான் படத்துக்கு வைத்தியம் பார்த்தேன்.

அடுத்தது நண்பன் வீட்டு போன்கள். இப்போது வருகிற ஓஎல்இடி போன்கள் பலவற்றில், பெட்டியைப் பிரித்ததும் இருக்கிற அமைப்பே "பளிச்" வகைதான். கடையில் பக்கத்துப் போனைவிட எடுப்பாகத் தெரியணும் இல்லையா? ஏற்கெனவே நான் ஏற்றியிருந்த சிவப்பை அது இன்னொரு தடவை ஏற்றிக் காட்டியது. பாய் அரக்கு, என் லேப்டாப்பில் செங்கல், அங்கே போனில் குங்குமம். மூன்றும் ஒரே கட்டுக் கோரை!

மடையும் ஷட்டரும்

எல்சிடி திரை வேலை செய்யும் விதத்தை நம்மூர்க்காரருக்குச் சொல்வது ரொம்ப லேசு. பின்னால் எப்போதும் எரிகிற எல்இடி வெளிச்சம்தான் அணையில் தேங்கிய தண்ணீர். முன்னால் லட்சக்கணக்கில் குட்டிக்குட்டி மடைகள். ஒவ்வொரு மடையிலும் திரவப் படிகம் என்ற ஷட்டர். மின்சாரம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பி, வெளிச்சத்தைக் கூடவோ குறைச்சலாகவோ விடும். மடைவாயில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி. 1920-க்கு 1200 புள்ளிகள் உள்ள ஒரு 24 இன்ச் திரையில் 23,04,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று மடை. ஆக 69,12,000 ஷட்டர்கள்.

திரவப் படிகத்தை முதலில் கவனித்தவர் ஒரு தாவரவியலாளர், பிரீட்ரிக் ரைனிட்சர், 1888-ல். அவர் தேடியது வேறு ஏதோ. அதை வைத்துத் திரை செய்யலாம் என்பது 1960-களில் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் பிடிபட்டது. ஆனால் அந்தக்கால டிஎன் வகைத் திரைகளில் ஒரு தொல்லை. நேரே பார்த்தால் ஒரு வண்ணம், கொஞ்சம் தலையைச் சாய்த்தால் வேறு வண்ணம். பழைய லேப்டாப்பை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே நமக்கு நெருக்கமான ஒருவர் வருகிறார். சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சி.வி. ராமனின் சகோதரி மகன். (நோபல் வாங்கிய வானியற்பியலாளர் சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். இரண்டு பேரையும் குழப்பி எழுதியதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.) அதுவரை தெரிந்த திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் எல்லாம் குச்சி வடிவம். பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில் சதாசிவா, சுரேஷ் என்ற இருவரோடு சேர்ந்து, 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று காட்டினார். அப்போது அது வெறும் அடிப்படை ஆராய்ச்சி. பிறகு 1990-களில் ஜப்பானின் பியூஜி நிறுவனம், அந்தத் தட்டு வடிவப் பொருளை வைத்தே, டிஎன் திரைமேல் ஒட்டுகிற ஒரு மெல்லிய பிலிம் செய்தது. பக்கவாட்டில் பார்த்தாலும் படம் ஓரளவு ஒழுங்காகத் தெரிந்தது.

அதே 1990-களில் ஹிட்டாச்சி ஐபிஎஸ் என்ற வேறொரு வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் மூலக்கூறுகள் திரைக்கு இணையாகவே படுத்துத் திரும்பும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வண்ணம் அவ்வளவாக மாறாது. இன்றைக்கு வண்ண வேலைக்கு வாங்குகிற மானிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

கூடுதல் காசு எதற்குப் போகிறது?

சாதாரண 24 இன்ச் மானிட்டர் பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது. தொழில்முறை மானிட்டர்கள் லட்சத்தைத் தாண்டும். ஆப்பிள் 2019-ல் அறிவித்த 32 இன்ச் புரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆரின் விலை 4,999 டாலர், அதை நிறுத்துகிற ஸ்டாண்டு தனியாக 999 டாலர். ஸ்டாண்டு விலையை வைத்து உலகமே சிரித்தது. மானிட்டர் விலைக்கு என்ன காரணம் என்று கேட்டவர்கள் குறைவு. நான் புரிந்துகொண்டவரை நாலு காரணங்கள்.

முதலாவது, வண்ண எல்லை. நீல எல்இடிமேல் மஞ்சள் பூச்சு பூசி உண்டாக்குகிற வெள்ளை வெளிச்சத்தில் சுத்தமான சிவப்பும் பச்சையும் குறைவு. அணையில் இல்லாதது மடையில் வராது. விலை உயர்ந்த திரைகளில் வேறு பாஸ்பர்களோ குவாண்டம் புள்ளிகளோ வைத்து அந்த வெளிச்சத்தையே திருத்துகிறார்கள். (குவாண்டம் புள்ளிகளுக்குத்தான் 2023-ன் வேதியியல் நோபல் கிடைத்தது.)

இரண்டாவது, கணக்குச் சுத்தம். 8 பிட் என்றால் ஒரு வண்ணத்துக்கு 256 படி, மொத்தம் 1,67,77,216 வண்ணம். 10 பிட் என்றால் 1,024 படி, மொத்தம் 107 கோடிக்கு மேல். இவ்வளவு எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் திரையைத் திருத்தும்போது ஒவ்வொரு எண்ணையும் இன்னொரு எண்ணாக மாற்றணும். 256 படிக்குள்ளேயே மாற்றினால் சில படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில காணாமல் போகும். அந்திவானப் படத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். வட்டிக்கணக்கில் ஒவ்வொரு வரியிலும் பைசாவைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் கூட்டுத்தொகை உதைக்குமே, அந்த மாதிரி. தொழில்முறை மானிட்டர்கள் உள்ளே 16 பிட் அளவில் கணக்குப் போட்டு, கடைசியில் மட்டும் தள்ளுகின்றன.

மூன்றாவது, கடைமடை. தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீர் ஒரே அளவு போகாது என்பது நம்ம ஆற்றுப்பாசனத்தில் எல்லாருக்கும் தெரியும். திரையிலும் அப்படித்தான். நடுவில் இருக்கிற வெளிச்சம் மூலையில் இருக்காது. உங்கள் மானிட்டரில் முழுத்திரைக்கும் சாம்பல் நிறம் போட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு மூலை மஞ்சளாகவும் ஒரு மூலை நீலமாகவும் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். விலை உயர்ந்த மானிட்டர்களைத் தொழிற்சாலையிலேயே இடம் இடமாக அளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திருத்தம் எழுதி வைக்கிறார்கள். நடு வெளிச்சத்தைக் குறைத்துத்தான் இதைச் செய்ய முடியும். தலைமடைக்காரன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்.

நாலாவது, அளவை. எந்தத் திரையும் நாளாக ஆக மாறும். அதனால் மானிட்டர்மேல் ஒரு உணரியை வைத்து அளந்து, விலகலைத் திருத்தணும். விலகலை டெல்டா ஈ என்று ஒரு எண்ணால் சொல்வார்கள். 1-க்குள் இருந்தால் பழகிய கண்ணுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். 2-க்குள் என்றால் நல்ல திரை. 5-ஐத் தாண்டினால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். சில மானிட்டர்களில் இந்த உணரி சட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். குறித்த நேரத்தில் வெளியே வந்து அளந்துவிட்டு உள்ளே போய்விடும்.

வாங்கினேன், ஏமாந்தேன், பிறகு புரிந்தது

புதுசு வாங்க எனக்குக் கட்டாது. பெங்களூரில் ஒரு ஸ்டூடியோ கழித்துப்போட்ட 24 இன்ச் ஐஸோ கலர்எட்ஜ் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அடோபி ஆர்ஜிபி வண்ணங்களில் 99 சதவீதம் காட்டுகிற வகை. எத்தனை மணிநேரம் ஓடியது என்று மெனுவிலேயே பார்க்கலாம், பழைய வண்டியின் கிலோமீட்டர் மாதிரி.

ஆசையாக மாட்டிப் பார்த்தால், முதல் நாள் எல்லாமே கண்ணைக் குத்தியது. புல் விஷப்பச்சை. மனிதர் முகமெல்லாம் தக்காளி. இதற்கா இவ்வளவு காசு என்று ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் மென்பொருள்காரனுக்கு மென்பொருள் புத்தி வந்தது. 255, 0, 0 என்ற எண்ணை எஸ்ஆர்ஜிபி மொழியில் எழுதிய படம் சொல்கிறது. திரை அதை அடோபி ஆர்ஜிபி மொழியில் படித்துவிட்டது. நடுவில் மொழிபெயர்க்க வேண்டிய மென்பொருள் சும்மா இருந்துவிட்டது. படத்துக்குள் வண்ணக் குறிப்பு இருக்கணும், திரைக்கு அளந்து செய்த குறிப்பு இருக்கணும், மென்பொருள் இரண்டையும் படிக்கணும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், விலை உயர்ந்த திரை மலிவுத் திரையைவிட மோசமாகப் பொய் சொல்லும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

சரிசெய்தபிறகு பாயை எடுத்தேன். திரையின் வெளிச்சத்தை 100 காண்டெலா அளவுக்குக் குறைத்து, வெண்மையை 6,500 கெல்வினில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாயை விரித்தேன். பக்கத்தில் 24 கட்டங்கள் உள்ள வண்ண அட்டையை வைத்துப் புதிதாகப் படம் எடுத்தேன். மெக்பெத் அட்டை என்பார்கள், 1976-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் முன்கூட்டியே தெரியும் என்பதால், கேமரா எங்கே தப்புச் செய்தது என்று கணக்குப் போட்டுத் திருத்தலாம்.

திரையில் வந்த சிவப்பும் தரையில் கிடந்த சிவப்பும் கிட்டத்தட்ட ஒன்று. அரக்குதான். அக்கா சொன்னது சரி. நான் அனுப்பிய பழைய படத்தை அதே திரையில் திறந்தேன். குங்குமம். நண்பன் சொன்னதும் சரி. தப்பு நான் ஒருத்தன்தான்.

அன்று சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் தரையில் கிடந்த பாய் இன்னும் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. திரை மாறவில்லை. சாயம் தனக்கென்று ஒரு நிறத்தை வைத்திருப்பதில்லை, விழுகிற வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சம் மாறினால் மீதியும் மாறும். ஆக "உண்மையான நிறம்" என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. "இந்த வெளிச்சத்தில் இந்த நிறம்" என்று மட்டும்தான் சொல்லலாம். நல்ல மானிட்டர் தருவது அந்த உறுதியைத்தான்.

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்

பாயோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பத்தமடையைத் தாண்டி மேற்கே போனால், கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் திருப்புடைமருதூர். பறவைகள் வந்து தங்குகிற ஊர். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள், மரத்தூண்களுக்கும் சிற்பங்களுக்கும் நடுவே, ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்கள் இருக்கின்றன. போர்க்காட்சிகள், புராணக்கதைகள், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் என்று பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஓர் உலகம்.

அனுமதி வாங்கி அங்கே படம் எடுத்த நண்பர் ஒருவரின் படங்களை நான் முன்பு அந்த லேப்டாப்பில்தான் பார்த்தேன். ஓரிடத்தை "புகைக்கறை" என்று குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். புதுத் திரையில் அதே படத்தில், அந்தக் கறைக்குள் கோடுகள் இருந்தன. துணி மடிப்புப் போல ஏதோ. கறுப்புக்கும் கருஞ்சிவப்புக்கும் இடையில் இருந்த பத்துப் பதினைந்து படிகளை என் பழைய திரை ஒரே இருட்டாகக் குழைத்துவிட்டது. அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்தக்கால ஓவியங்களின் வண்ணங்கள் காவி, மஞ்சள் கல், சுண்ணாம்பு, கரி மாதிரி அடங்கிய வண்ணங்கள். பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கிவிடும். பரந்த வண்ண எல்லை ரசாயனச் சாயம் ஏற்றிய பாய்க்குத்தான் உதவும். சுவரோவியத்துக்கு வேண்டியது இருட்டுப் பகுதியில் படிகள் பிரிந்து தெரிவதும், மூலைக்கு மூலை வெளிச்சம் ஒன்றாக இருப்பதும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதை, நமக்கு வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும்.

சுவரில் நிறம் வருஷா வருஷம் மங்கிக்கொண்டேதான் போகும். நாளைக்கு யாராவது அதைப் பழுதுபார்க்க வந்தால் கையில் இருப்பது இன்றைய படங்கள்தான். அந்தப் படங்களை என்னை மாதிரி ஒருத்தன் செத்த திரையில் பார்த்து "கொஞ்சம் ஏற்றி" வைத்திருந்தால்? பாய் விஷயத்தில் நஷ்டம் கொஞ்சம் பணம். இங்கே நஷ்டமாவது சாட்சி.

உங்களுக்கு வேண்டுமா?

கோடு எழுதுகிறவர்களுக்கு, கடிதம் அடிக்கிறவர்களுக்கு வேண்டாம். எழுத்து கூர்மையாகத் தெரிகிற நல்ல ஐபிஎஸ் திரை போதும். படம், அச்சு, துணி, ஆவணம் என்று நிறத்துக்குப் பொறுப்பேற்கிறவர்களுக்கு வேண்டும். அவர்களிலும் காசு குறைவாக இருந்தால், முழு எஸ்ஆர்ஜிபி காட்டுகிற நடுத்தர மானிட்டரும் அளக்கிற உணரி ஒன்றும் சேர்த்து வாங்குவது, அளக்காத லட்ச ரூபாய் மானிட்டரைவிட நல்லது. உணரியை நாலு பேர் சேர்ந்துகூட வாங்கலாம்.

பாய்க்கும் சேலைக்கும் படம் அனுப்புகிறவர்களுக்கு அதுகூட வேண்டாம். பகல் நிழலில் எடுங்கள், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள், வண்ணத்தை ஏற்றாதீர்கள். கூடவே நாலு இழை கோரையை ஒரு தபால் உறையில் போட்டு அனுப்பிவிடுங்கள். போன மாதம் பத்தமடை அக்காவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"முன்னாடியெல்லாம் அப்படித்தான் தம்பி அனுப்புவோம்" என்றார்.